ஐந்து மலைகளின் பொருத்தனை

சேலம் நகருக்குத் தெற்கே, நாமக்கல் சமவெளிக்குப் போகும் வழியில், அரளிப்பூத் தோட்டங்களுக்குப் பேர்போன பனமரத்துப்பட்டி இருக்கிறது. சேலத்து மக்களின் குடிநீருக்காக 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பெரிய ஏரி அவ்வூருக்கு ஓர் அடையாளம். அந்த ஏரிக்கு நீர் வார்த்தவை ஜருகுமலையும் போதமலையும் அவற்றை அடுத்த குன்றுகளும். இவற்றுக்கும் அப்பால், இராசிபுரத்தையும் சேந்தமங்கலத்தையும் கடந்தால், கொல்லிமலை வானத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. சமவெளிக்காரனுக்கு இந்த மலைகள் மழையைத் தந்தன, விறகைத் தந்தன, பலாவையும் தேனையும் தந்தன; ஆனால் அந்தி சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அச்சத்தையும் கூடவே தந்தன. மலைத் தண்ணீரைக் குடித்து மலையில் இரவு தங்கியவன் காய்ச்சலோடுதான் வீடு திரும்புவான் என்று நம் பாட்டன்மார் சொன்னது வெறும் மூடநம்பிக்கை அன்று. கொசுவின் வேலையைத் தண்ணீரின் தலையில் ஏற்றிச் சொன்னார்கள் என்பதைத் தவிர அதில் பிழையொன்றும் இல்லை.

துன்பகாலத்தில் தேவன்பேரில் பாரத்தை வைத்துவிட்டுப் பெலன் பெறுவது என்பதைக் கிறிஸ்தவ சபைகளில் நாம் ஞாயிறுதோறும் கேட்கிறோம். கேட்பதற்கு இதமான உபதேசம். ஆனால் அப்படிப் பாரத்தை வைத்த ஒருவருடைய வாழ்நாள் உண்மையில் எப்படிக் கழிந்தது, பெலன் என்பது அவருக்கு எந்த ரூபத்தில் வந்தது என்று சரித்திரத்தைக் கொண்டு விசாரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அவ்விசாரணைக்கு வேண்டிய ஆதாரம் நம்முடைய மாவட்டத்து மலைகளிலேயே கிடக்கிறது.

இந்தப் பிரதேசத்துக்குக் கிறிஸ்தவம் புதிதாக வந்த சரக்கு அன்று. 1623இல் தத்துவ போதகர் என்று பெயர்பெற்ற இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு வந்தபோது, சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்கும் சென்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1827இல், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கி, நான்கே ஆண்டுகளில், 1831இல், உயிர்விட்டார். பின்னர் 1840இல் வந்த லெக்லர் என்னும் ஜெர்மானியர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேலத்திலேயே தங்கிப் பள்ளிகளையும் தொழிற்சாலை போன்றதொரு கைத்தொழிற் பள்ளியையும் நடத்தி 1861இல் காலமானார். அதற்குப் பின் வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். 1871இன் குடிக்கணக்கில் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881இல் பதினாறு லட்சத்துக்குள் ஒடுங்கிப்போயிற்று என்னும் ஒரே செய்தி போதும். அந்தப் பத்தாண்டில் பிழைத்திருந்தவர்கள் எந்தத் தெய்வத்தை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பதை அவரவர் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சமவெளியின் கதை. மலைக்கு மேலே மிஷனெரிமார் போய்த் தங்கவில்லை. ஏற்காட்டைப் போலக் காப்பித் தோட்டக்காரத் துரைமார் குடியேறிய மலையாக இருந்தாலல்லவா வண்டித்தடமும் வைத்தியரும் பின்தொடர்வார்கள்? கொல்லிமலையோ வேறு ஜாதி. வல்வில் ஓரியின் மலை என்றும் கொல்லிப்பாவையின் மலை என்றும் சங்கப் புலவர்கள் அறிந்திருந்த அம்மலை, அறப்பளீசுவரரைத் தரிசிக்க ஆடி மாதத்தில் ஏறும் பக்தர்கள் ஒருபுறம் இருக்க, மற்ற நாளெல்லாம் தன் குடிகளோடு தனித்தே கிடந்தது. அக்குடிகள் தங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்தாரோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கும் வரலாறு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, ஊர்க்கவுண்டர்களின் நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, தினையும் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த ஜனங்கள் அவர்கள். அவர்களிடம் பக்திக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மருந்துக்கும் மருத்துவச்சிக்கும் எழுத்துக்கும்தான் பஞ்சம்.

1907இல் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் இளைஞர் சென்னைக்கு வந்து இறங்கினார். 1861இல் இங்கிலாந்தில் தோன்றிய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சிறிய சங்கம் அவரை அனுப்பியிருந்தது. பெரிய சங்கங்களைப்போல் பணமும் பங்களாக்களும் உள்ள ஸ்தாபனம் அன்று அது. வீடு கட்டும் தொழிலில் பழகிய குடும்பத்தில் பிறந்த பிராண்டு, மிஷனெரிகளுக்கென்று லண்டனில் நடத்தப்பட்ட லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார். ஓராண்டு படிப்பை வைத்துக்கொண்டு ஒரு மலை முழுவதற்கும் வைத்தியம் பார்ப்பதா என்று இன்று நாம் கேட்கலாம். அந்த ஓராண்டுப் படிப்புக்காரரும் இல்லாமற்போனால் வேறு யார் இருந்தார்கள் என்பதே அன்றைக்கு எழுந்த கேள்வி. சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் கற்றுக்கொண்டிருந்த அவரை, கீழேயிருந்து பார்க்கும்போதெல்லாம் அந்த மலை அழைத்துக்கொண்டே இருந்தது.

எவலின் ஹாரிஸ் என்பவர் 1879இல் லண்டனில் வசதியுள்ள வீட்டில் பிறந்தவர். ஓவியம் தீட்டத் தெரிந்தவர். பட்டாடையும் இறகு வைத்த தொப்பியும் அணிந்து பழகியவர். முப்பது வயதைக் கடந்த பின் மிஷனெரியாக இந்தியாவுக்கு வந்து, தம்மைவிட வயதிற் சிறியவரான ஜெஸ்ஸி பிராண்டை 1913இல் மணந்தார். கலியாணம் நடந்த நாளிலேயே மணமக்கள் மழையோடு மழையாகக் கொல்லிமலை ஏறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மோட்டார் வண்டி ஏறுகிறது. அன்றைக்கு டோலியும் ஒற்றையடிப் பாதையும் அட்டைக்கடியும்தான் வழித்துணை. சிலர் இதைத் தேன்நிலவு என்று அழகுபடுத்தி எழுதுவதுண்டு. அதைவிட, முப்பத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தி நனைந்த கலியாண உடையோடு மேற்கொண்ட கடினமான வழிநடை என்று எழுதுவதே நேர்மை.

வாழவந்தியில் அவர்கள் வாழ்ந்த மரவீடு பிராண்டு தாமே திட்டமிட்டுக் கட்டியது. பலகைகளைச் சமவெளியிலேயே அறுத்து இழைத்துச் சுமையாட்களின் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருத்தினார். வீட்டைத் தாங்கிய தூண் ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உத்திரத்தை ஏற்றினார். தரையிலிருந்து மண்புற்றுக் கட்டிக்கொண்டு ஏறும் கறையான், சட்டியின் விளிம்பைத் தாண்ட மாட்டாமல் நின்றுவிடும். விசுவாசத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் சட்டிக்கும் கறையானுக்கும் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். தேவனை நம்பினவர் கறையானையும் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதை நான் முக்கியமாகவே கருதுகிறேன். நம்பிக்கை என்ற பெயரால் கண்ணை மூடிக்கொள்ளும் சோம்பல் அந்த வீட்டில் நுழையவில்லை.

அவர்கள் செய்த வேலைகளை அடுக்கினால் பட்டியல் நீளும்: பிரசவம் பார்த்தார்கள், பல் பிடுங்கினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், மரவேலை கற்பித்தார்கள், பழமரக் கன்றுகளையும் பட்டுப்புழு வளர்ப்பையும் மலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவற்றுள் ஒன்றை மட்டும் அருகில் நின்று பார்க்க வேண்டும். அது நரம்புச் சிலந்தி நோய். படிகளில் இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நீர்ப்பூச்சிகளோடு இதன் கிருமி மனிதனின் வயிற்றுக்குள் போகிறது; போய், ஏறத்தாழ ஓராண்டு உடலுக்குள்ளேயே இரண்டடி மூன்றடி நீளத்துக்கு நூல்போல் வளர்கிறது; பிறகு பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளமாக எழும்பி எரிகிறது. எரிச்சல் தாளாமல் அவன் கிணற்றுப் படியில் இறங்கிக் காலை நீரில் வைத்தவுடன், புழு தலைநீட்டித் தன் குஞ்சுகளை நீரில் விட்டுவிடுகிறது. அந்த நீரைத்தான் ஊர் குடிக்கிறது. வெளியே தெரியும் நுனியைப் பிடித்து இழுத்துவிடலாமே என்றால், இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே தங்கிய பாகம் அழுகிக் காலே வீங்கிச் சீழ்வைத்துவிடும். ஆகவே பிராண்டு அந்த நுனியை ஒரு சிறு குச்சியில் சுற்றி, அது எதிர்க்காமல் வருமளவுக்கு மட்டும் திருகி, கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்; மறுநாள் இன்னும் ஒரு சுற்று, அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒரு காலிலிருந்து ஒரு புழு வெளிப்பட நாட்கணக்கும் ஆகும், வாரக்கணக்கும் ஆகும். அவருடைய மகன் பால், பிற்காலத்தில் உலகமறிந்த அறுவை மருத்துவரான பின்னும், தந்தை குச்சியைத் திருகிய அந்தப் பொறுமையை எழுதி எழுதித் தீரவில்லை. குச்சியோடு நிற்காமல், நீரை வடிகட்டிக் குடிப்பதையும் கிணற்றில் கால் வைக்காமல் மொள்ளுவதையும் கற்பிக்க அத்தம்பதியர் ஊர் ஊராக நடந்தார்கள்.

இத்தனையும் செய்தும், பல ஆண்டுகள் மலையில் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. கிராமத்துப் பூசாரி எதிர்த்து நின்றார். அவர் எதிர்த்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? குலதெய்வத்தையும் குடிமரபையும் காப்பது அவர் கடமை. வெளியூர்க்காரன் மருந்தோடு மதத்தையும் கொண்டுவந்தால் அவர் அஞ்சத்தான் செய்வார். மருந்து வாங்க வந்தவர்கள் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். சங்கத்துக்கு எழுதும் வருஷாந்தர அறிக்கையில் காட்டுவதற்கு ஞானஸ்நானக் கணக்கு ஒன்றும் இல்லை. இந்நிலையிலும் மருந்துப்பெட்டி மூடப்படவில்லை என்பதை, மிஷனெரிகளைப் பற்றி ஐயுறவு கொண்டவர்களும் கவனிக்க வேண்டும். ஆத்துமாக்களின் எண்ணிக்கைக்காகவே சேவை செய்தவர்களாக இருந்தால் இரண்டாம் வருஷமே கடையைக் கட்டியிருப்பார்கள்.

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், 1918இல், உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் விடவில்லை. காய்ச்சல் கண்ட வீட்டை ஜனங்கள் விட்டு ஓடினார்கள். பிராண்டு தம்பதியர் அரிசிக் கஞ்சியைப் பானையிற் சுமந்துகொண்டு வீடு வீடாய்ப் போய் ஊட்டினார்கள். அந்தக் கொள்ளைநோயில் எதிர்த்த பூசாரியும் படுக்கையில் விழுந்தார். சாகுந்தறுவாயில் தம் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை அவர் ஒப்புவித்தது உறவினரிடத்தில் அன்று, அதுவரையில் விரோதியாய் எண்ணியிருந்த அந்த வெள்ளைக்காரரிடத்திலே. பூசாரியே நம்பினார் என்றால் நமக்கென்ன என்று அதன்பிறகுதான் மலைமக்கள் ஒருவர் இருவராக அவர்களை நெருங்கினார்கள். சபை என்ற ஒன்று உருவாயிற்று. பிரசங்கத்தினால் திறவாத கதவு கஞ்சியினால் திறந்தது என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கோ, எதிராளியின் நேர்மையைத் தன் கடைசி மூச்சில் ஒப்புக்கொண்ட அந்தப் பூசாரியின் பெருந்தன்மையே இக்கதையில் மிகப் பெரிதாய்த் தோன்றுகிறது.

பால் 1914 ஜூலையில் பிறந்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு தங்கை. 1923இல் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அக்காலத்து மிஷனெரிக் குடும்பங்களில் இது சாதாரண வழக்கமேயானாலும், ஒன்பது வயதுப் பையனையும் ஆறு வயதுப் பெண்ணையும் கடலுக்கு அப்பால் விட்டுவருவது எந்த வழக்கத்தாலும் இலேசாகிவிடாது. தந்தை வாரந்தோறும் கடிதம் எழுதினார்; மலையில் கண்ட மரம், பூச்சி, பறவை எல்லாவற்றையும் அக்கடிதங்களில் வருணித்தார். 1929 ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய விளைவாகச் சிறுநீர் கறுத்து ஓடும் கருநீர்க் காய்ச்சல் அவரைப் பற்றிற்று. 15ஆம் தேதி, நாற்பத்துநான்காம் வயதில், அந்த மலையிலேயே அவர் உயிர் பிரிந்தது. லண்டனுக்குத் தந்தி விரைந்து போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் மெதுவாய் வந்தன; ஆகையால் தந்தை இறந்த செய்தி கிடைத்த பின்னும் சில வாரங்கள் வரையில், பதினான்கு வயதுப் பாலுக்கு அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன.

எவலின் அம்மையார் ஓராண்டுக்குப் பின் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் காத்திருந்த மகன், கூனிக் குறுகி இறங்கிவந்த அந்த உருவத்தைத் தன் தாய் என்று அடையாளங்காணவே தயங்கினான். விசுவாசிக்குத் துக்கம் பாதி என்றும், தேவனை நம்பினவர் கண்ணீர் விடமாட்டார் என்றும் மேடைகளில் முழங்குவோர் இந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அவர் உடைந்துதான் போனார். உடைந்தவர் ஓவியப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு வர்ணம் தீட்டித் தீட்டித் தம்மை மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டார். தேறியவுடன் கேட்டது ஒன்றே: மலைக்குத் திரும்ப வேண்டும்.

அதற்குக் காரணம் ஒரு பொருத்தனை. கொல்லிமலை ஒன்றோடு நில்லாமல், பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றிலும் தெரியும் மலைத்தொடர்களும் சேர்ந்த ஐந்து மலைகளிலும் மருந்தையும் சுவிசேஷத்தையும் கொண்டுசேர்ப்பதென்று கணவனும் மனைவியும் தேவசமுகத்தில் தீர்மானித்திருந்தார்கள். கணவர் ஒரு மலையில் புதைக்கப்பட்டார். மற்ற நான்கும் மனைவியின் பொறுப்பில் மிஞ்சின.

சங்கத்தார் அவரை இந்தியாவுக்கு மீண்டும் அனுப்பினார்கள். ஆனால் மலையில் வேறு மிஷனெரிகளை அமர்த்திவிட்டு, அவரைச் சமவெளியிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆண்டுகள் பல அவ்விதமே கழிந்தன. 1947ஐ ஒட்டி, அறுபத்தெட்டு வயதளவில், இனி ஓய்வு பெறலாம் என்று சொன்னார்கள். சங்கத்தாரைக் குறைகூற இடமில்லை. மலேரியாவால் பலமுறை வாட்டப்பட்ட ஒரு விதவையைத் தனியாக மலைக்கு அனுப்பி, நாளை ஏதாவது நேர்ந்தால் யார் உத்தரவாதம் சொல்வது? நிர்வாகம் என்பது அப்படித்தான் யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும். அம்மையாரோ இன்னும் ஒரே ஓர் ஆண்டு சமவெளியில் ஊழியம் செய்ய உத்தரவு கேட்டு வாங்கினார். அந்த ஓராண்டுக்குள் யாருக்கும் தெரியாமல், மலையில் ஒரு சிறு குடிசைக்கு வேண்டிய சாமான்களை மேலே அனுப்பிவைத்தார். தவணை முடிந்து பிரிவுபசாரம் நடந்த தினத்தில், மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலைக்கு என் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று அறிவித்தார். விசுவாசத்துக்குள் இப்படியொரு கள்ளத்தனமும் அடங்கும் என்று வேத சாஸ்திரிகள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, மலைமக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி உட்கார்ந்திருக்கும் வயதில் அவருடைய ஊழியத்தின் பிற்பாதி தொடங்கிற்று. ஒரு மட்டக்குதிரையின் முதுகில் ஊர் ஊராகச் சென்றார்; மருந்து கொடுத்தார்; கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்; நரம்புச் சிலந்தியோடு தம் கணவர் தொடங்கிய யுத்தத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குதிரை அவரைத் தள்ளியதும் உண்டு, காய்ச்சல் அவரைத் தள்ளியதும் உண்டு. எழுபத்தைந்து வயதில் குடிசைக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்து பார்த்த பிறகுதான், கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கப்பட்டு, நெடுவழி ஜீப்பில் கொண்டுபோகப்பட்டார். அதற்குள் மகன் பால் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர். 1946இல் அங்கு வந்து சேர்ந்து, குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் சிகிச்சையினால் நிமிர்த்திக் காட்டியவர் அவரே. உலகத்தாரின் கைகளை நிமிர்த்தத் தெரிந்த அந்த மகனால், தாயை மட்டும் ஓய்வெடுக்கும்படி இணங்கவைக்க முடியவில்லை. தம்மைவிட்டால் அந்தக் கிராமங்களில் நோயாளிகளைப் பார்ப்பவர் யார் என்று தாய் கேட்ட கேள்விக்கு மகனிடம் பதில் இல்லை. கால்கள் ஓரளவு விளங்காமற்போன பிறகு, அம்மையார் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார்.

அவருடைய குடிசையில் கண்ணாடி இல்லை. கடைசி இருபது ஆண்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளவே அவர் விரும்பவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். இளமையில் அழகும் அலங்காரமும் பழகிய லண்டன் சீமாட்டி அவர் என்பதை நினைத்தால்தான் இச்செய்தியின் கனம் விளங்கும். முகம் வற்றிச் சுருங்கியதை அவர் பார்க்கவில்லை. மலைமக்களோ பார்த்தும் பொருட்படுத்தவில்லை, பாட்டி என்று அழைத்துத் தங்கள் வீட்டுக் கிழவிகளில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள். தொண்ணூறைக் கடந்து குதிரைமேல் நிலைத்திருக்க இயலாமற்போனபோது, கம்பில் கட்டிய தூளியில் வைத்து ஆடவர்கள் அவரை ஊர் ஊராகத் தோளிற் சுமந்தார்கள்.

பெலன் எந்த ரூபத்தில் வந்தது என்று தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இங்கே வருகிறேன். காய்ச்சல் அவரை விட்டு நீங்கவில்லை. கணவர் பிழைத்து எழவில்லை. பிள்ளைகளைப் பிரிந்த வருஷங்கள் திரும்பி வரவில்லை. முறிந்த எலும்பும் பழைய நிலைக்குச் சேரவில்லை. வேண்டுதலுக்குப் பலன் என்று சாதாரணமாக நாம் எதைச் சொல்கிறோமோ அதில் அவருக்கு வாய்த்தது சொற்பமே. வாய்த்ததெல்லாம் அடுத்த ஊருக்கு ஏறிப்போகும் திராணி. அதுவும் பெரும்பாலும் பிறருடைய தோள்களின் மூலமாக. தேவன்பேரில் வைத்த நம்பிக்கை என்றால் துன்பம் விலகும் என்ற உறுதிப்பத்திரம் என்று எண்ணிக்கொண்டு, விலகாதபோது மனங்கசந்து சபையை விட்டுப்போகும் விசுவாசிகளை நான் கண்டிருக்கிறேன்; அவர்களைக் குறைசொல்வதைவிட, அப்படி எண்ணும்படி அவர்களுக்குப் போதித்தவர்களைக் குறைசொல்வதே பொருத்தம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிராண்டு குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் உண்டு. டாரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் மகனைப் பற்றி ஒன்றும் தாயைப் பற்றி ஒன்றுமாக எழுதியிருக்கிறார். ஆனால் பலகைகளை மலைக்குச் சுமந்தவர்கள், டோலி தூக்கியவர்கள், முறிந்த இடுப்போடு கிடந்தவரைக் கயிற்றுக் கட்டிலில் இறக்கியவர்கள், கிழவியைத் தூளியில் சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை எடுத்துச்சொல்லும் நூல் தமிழில் என் கைக்கு எட்டவில்லை. மலையில் தோள் கொடுப்பது அவர்களுக்குப் புதிய வேலையும் அன்று. பனமரத்துப்பட்டிக்கு அண்மையிலுள்ள போதமலைக்கு அண்மைக்காலம் வரையில் சாலை கிடையாது; தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களும் தலைச்சுமையாகத்தான் ஏறின, பிரசவ வேதனைப்பட்டவர்களும் தூளியில்தான் இறங்கினார்கள். அம்மக்களில் கிறிஸ்தவர் அல்லாதாரே அநேகர். அம்மையாரின் விசுவாசத்துக்கு முட்டுக்கொடுத்தவர்களில் அவ்விசுவாசத்தைச் சேராதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சபை வரலாறு எழுதுவோர் தயக்கமின்றி எழுத வேண்டும்.

எவலின் பிராண்டு 1974 டிசம்பர் 18ஆம் தேதி, தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி பெட்டி இல்லாமல், வெறும் பருத்தித் துணியில் சுற்றிக் கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு குழிகள். ஐந்து மலைகளிலும் ஊழியம் தொடங்கிவிட்டதைப் பார்த்துவிட்டே அவர் கண்மூடினார். நரம்புச் சிலந்தி இந்தியாவில் கடைசியாக ஒருவரைத் தாக்கியது 1996இல். 2000ஆம் ஆண்டில் இந்நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. பெரிய மருந்தோ தடுப்பூசியோ அந்த வெற்றியைத் தரவில்லை. வடிகட்டிய நீரும், படியில் கால் வைக்காத கிணறும், வீடு வீடாய்ச் சொல்லிக்கொண்டே போன மனிதர்களுமே தந்தார்கள்.

அம்மையார் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரைத் தோளிற் சுமந்த இளைஞர்களில் எஞ்சியிருப்போர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியவர்களாய் இருப்பார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சபையாருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், எழுதப் பழகிய இளைஞர்களுக்கும் எனது வேண்டுகோள் இதுதான்: ஆகாய கங்கை அருவியைப் பார்க்க மலை ஏறுகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, வாழவந்தி நாட்டு ஊர்களில் அம்முதியவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள்.